தாழ்ப்பாள் இல்லாத கூடம்

அனுமதிக் கடிதத்தில் எல்லாமே சரியாக இருந்தது. கையெழுத்து மட்டும் பொய்.

தாள் அமைச்சகத்தின் தாள். முத்திரை அசல். பதிவேட்டில் 211க்கும் 213க்கும் நடுவே 212ஆக ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ‘லெட்லாபெங் மலைக்காவல் முகாமில் வீரர்கள் ஓய்வு நேரத்தைக் கழிப்பதற்கென, ஓர் அறை கொண்ட சிறு கட்டடம் எழுப்ப அரசு இதனால் அனுமதி அளிக்கிறது.’ கீழே செயலாளரின் கையெழுத்து. அந்தத் தேதியில் செயலாளர் நாட்டிலேயே இல்லை.

கெனேவே கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் தலைநகர் மஸேருவின் போலீஸில் இருந்துவிட்டு இப்போது அமைச்சகத்தின் விசாரணை அதிகாரி. நாற்பத்தி நாலு வயது. சிரிப்பதற்கு முன் ஒரு தடவை யோசிப்பாள்.

"முத்திரை யார் கைக்கெல்லாம் கிடைக்கும் ஐயா?"

"ஏழு பேருக்கு. என்னையும் சேத்துக்குங்க அம்மா" என்றார் மகோவே.

கட்டடப் பிரிவின் தலைமை எழுத்தர் அவர். வரும் டிசம்பரில் ஓய்வு. மதியச் சாப்பாட்டைப் பதிவேட்டு அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர். இந்தப் போலிக் கையெழுத்தைக் கண்டுபிடித்துப் புகார் எழுதியதும் அவர்தான்.

"கட்டடம் எழும்பிடுச்சா?"

"எழும்பிடுச்சுன்னுதான் தகவல். போலி அனுமதின்னு முடிவானா இடிக்கணும். கட்டின சார்ஜன்ட் ராணுவ விசாரணைக்குப் போவாரு." மகோவே மேஜையைப் பார்த்தபடியே பேசினார். "ஆனா விதி பதினாலு இருக்கு. விசாரணை அதிகாரி நேர்ல பாத்து எழுதாம ஒரு கல்லைக்கூட எடுக்க முடியாது. அதனால கதவு, அடுப்பு, கூரை எல்லாத்தையும் கண்ணால பாத்து எழுதுங்கம்மா."

அவளுக்கு ஒதுக்கிய லேண்ட்ரோவரின் எண்ணைக் கேட்டார். பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது நாற்காலி முதுகில் கிடந்த தன் கம்பளியை எடுத்து நீட்டினார்.

"மேல ரொம்பக் குளிரும். வச்சுக்குங்க."

வெளியே வண்டியில் சாய்ந்திருந்த மொஹாபி கம்பளியைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினான். கெனேவேயின் உதவியாளன், டிரைவர், சாட்சி, வாய்.

"எனக்கு ஒண்ணும் தரலையா அக்கா? எதையும் உள்ளங்கையிலதான் எழுதுவாரு, பாத்தீங்களா? இந்த அமைச்சகத்துல தொலையாத கோப்பு அது ஒண்ணுதான்."

"வண்டியை எடு."

*

மூன்று மணி நேரம் ஏற்றம். கடைசி ஊரைத் தாண்டிய பிறகு கண்ணில் பட்ட மனிதர் ஒரே ஒருவர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒற்றைக் காலில் நின்ற இடையர். அவர் கையைத் தூக்கினார். மொஹாபியும் தூக்கினான். அதற்கப்புறம் காற்று மட்டும்.

"ஏழு பேர் இருக்கிற முகாம், அதுக்கு ஒரு கூடம், கூடத்துக்கு ஒரு கள்ளக் கையெழுத்து" என்றான் மொஹாபி. "ஜனங்க மாடு திருடறாங்க, வண்டி திருடறாங்க. இவன் அனுமதியத் திருடியிருக்கான். எங்க கொண்டுபோய் விப்பான்?"

கெனேவே மடியில் கோப்பை விரித்திருந்தாள்.

"நிபந்தனையைக் கேளு. ஒண்ணு, மழைத்தண்ணி போக வடிகால். ரெண்டு, ரெண்டு வாளி மணல். மூணு, ஆயுதக் கிடங்குலேருந்து நாப்பது அடி தள்ளி. இது மூணும் எல்லா அனுமதியிலயும் இருக்கு. நாலாவதைக் கேளு. 'கதவின் உட்புறம் தாழ்ப்பாள் பொருத்தக் கூடாது.'"

"உள்ள பூட்டிக்கிட்டு சீட்டாடக் கூடாதுன்னு இருக்கும்."

"பத்து வருஷக் கோப்பைப் புரட்டிட்டேன். வேற எந்தக் கட்டடத்துக்கும் இப்படி ஒரு வரி இல்லை."

"அதனால?"

"போலி போடறவன் பழைய கடிதத்தை அப்படியே காப்பி அடிப்பான். சொந்தமா ஒரு வரி சேத்து மாட்டிக்க மாட்டான். இவன் சேத்திருக்கான். எனக்கென்னவோ அந்த ஒரு வரிக்காகத்தான் மொத்தக் கடிதமும்னு தோணுது."

மொஹாபி வண்டியை நிறுத்தினான். பாதை முடிந்த இடத்தில் முகாமின் குதிரைகள் இரண்டு கட்டியிருந்தன.

"அக்கா, இது என்னை முறைக்குது."

"நீ ஏறப்போறேன்னு தெரிஞ்சா யாரும் முறைக்கத்தான் செய்வாங்க."

*

லெட்லாபெங் முகாம் என்பது நான்கு தகரக் கொட்டகை, ஒரு கொடிக்கம்பம், குதிரை லாயம். அந்தப் பக்கம் மலை செங்குத்தாக விழுந்து அடுத்த நாடாகிவிடுகிறது. மாட்டுத் திருடர்கள் வருகிறார்களா என்று ஏழு பேர் வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பனிக்காலத்தில் திருடர்களும் வருவதில்லை.

கொட்டகைகளுக்குச் சற்றுத் தள்ளி அந்தக் கட்டடம் இருந்தது. குட்டையான கல் சுவர்கள். தகரக் கூரை பறக்காமலிருக்க மேலே கற்கள். உள்ளே பழைய டிரம்மை வெட்டிச் செய்த அடுப்பு, சுவரை ஒட்டி இரண்டு பெஞ்சு, மொரபரபா ஆடக் கோடு கிழித்த ஒரு தட்டைக் கல். அதன் இரு பக்கமும் ஆளுக்குப் பன்னிரண்டாகக் கூழாங்கற்கள். அவ்வளவுதான் அரசாங்கத்தைக் கலக்கிய கூடம்.

சார்ஜன்ட் ரண்ட்சோ நாற்பதைத் தாண்டியவர். காதோரம் நரை. அவளுக்குச் சல்யூட் அடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் கையை இறக்கினார்.

"கல்லெல்லாம் கீழ ஓடையிலேருந்து குதிரையில கொண்டுவந்தோம் அம்மா. நாலு மாசமாச்சு. வடிகால் இருக்கு, வாளி இருக்கு. நாப்பது அடிக்கு நான் அம்பது அடி விட்டேன்."

"சார்ஜன்ட், அந்த அனுமதிக் கடிதம் போலி."

ரண்ட்சோ அவளையே பார்த்தார். பிறகு கட்டடத்தைப் பார்த்தார்.

"அப்ப இடிக்கணுமா?"

கெனேவே நாலடி தள்ளிப் போனாள். மொஹாபியின் காதருகே மெல்லச் சொன்னாள்: "இவர் இல்லை. இவரா இருந்தா, 'எப்படிக் கண்டுபிடிச்சீங்க'ன்னு கேட்டிருப்பாரு."

"நீங்க சொன்னா சரி அக்கா. ஒரு நிமிஷம், அவசரம்" என்று மொஹாபி கோடியில் இருந்த கழிவறையை நோக்கி ஓடினான்.

சமையல் கொட்டகையில் கார்ப்பரல் செபோலாய் சோளக்களியும் ஆட்டுக்கறியும் போட்டுக் கொடுத்தார். அகன்ற தோள்கள், உரத்த குரல். அந்நியர் ஒருவருக்குச் சாப்பாடு போடுவதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கேட்காமலே இரண்டாவது தடவையும் போட்டார். கடைசியாக யார் வந்தார்கள் என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்து, "ஏப்ரல்ல கால்நடை டாக்டர். குதிரையைப் பாக்க வந்தார்" என்றார்.

மொஹாபி திரும்பி வந்தான்.

"அக்கா, எனக்கு இந்த ஊர் பிடிக்கலை. கக்கூஸ்ல தாழ்ப்பாளே இல்லை. யாரும் வந்துடக் கூடாதுன்னு முழுப் பாட்டு ஒண்ணு பாடி முடிச்சேன்."

செபோலாயின் அகப்பை சட்டியின் விளிம்பில் நின்றது.

கெனேவே எழுந்தாள். கழிவறைக் கதவைத் திறந்து உட்புறம் பார்த்தாள். பிறகு படுக்கைக் கொட்டகை. ரேஷன் கிடங்கு. சமையல் கொட்டகை. ஒவ்வொரு கதவின் உட்புறமும் ஒரே உயரத்தில் நான்கு ஆணித் துளைகள். அவற்றின் மேல் பச்சை பெயின்ட்.

"பெயின்ட் எப்ப அடிச்சீங்க கார்ப்பரல்?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். பனி முடிஞ்சதும்."

"கடிதம் வந்து எட்டு மாசம்தான் ஆச்சு" என்றாள் மொஹாபியிடம். "தாழ்ப்பாளைக் கழட்டி ரெண்டு வருஷமாகுது. அதாவது, கடிதம் எழுதினவனுக்கு இந்த முகாமோட கதவுங்களைப் பத்தித் தெரியும். ஆனா முகாம்ல இருக்கிறவங்க கிட்ட முத்திரை கிடையாது. முத்திரை வச்சிருக்கிற ஏழு பேர்ல ஒருத்தரும் இங்க வந்தது கிடையாது."

"அப்ப இங்கேருந்து யாரோ அங்க சொல்லியிருக்காங்க."

"ஆமா. என்னத்தை?"

*

ரண்ட்சோ லாயத்தில் ஒரு குதிரையின் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கெனேவே எதிரே கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தாள்.

"எந்தக் கதவை உடைச்சீங்க சார்ஜன்ட்?"

அவர் குளம்பை மெல்லக் கீழே விட்டார். குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"ரேஷன் கிடங்கு" என்றார். "தெஃபோ லெபிட்சா. இருபத்தி மூணு வயசு. வந்து ரெண்டு வருஷமாச்சு. மொதல் வருஷம் நல்லாத்தான் இருந்தான். அப்புறம் பேச்சு குறைஞ்சுது. இங்க எல்லாருக்கும் குறையும் அம்மா. பனி விழுந்தா அவனவன் கட்டில்ல அவனவன். உக்காந்து பேச ஒரு இடம் கிடையாது. ஒரு நாள் காலையில எண்ணிக்கைக்கு வரலை. கிடங்கு உள்பக்கம் தாழ்ப்பாள். கூப்பிட்டோம். உடைச்சுக்கிட்டுப் போறதுக்குள்ள..."

காற்று லாயத்தின் தகரத்தைத் தட்டியது.

"அன்னைக்கே எல்லாத் தாழ்ப்பாளையும் நானே கழட்டிட்டேன்."

"அறிக்கையில?"

"ரோந்து போனப்ப குளிர்ல இறந்தான்னு எழுதினேன். அவங்கம்மாவுக்காக. பாதிரியார் அடக்கம் பண்ண மாட்டேன்னு சொல்லிட்டா அந்தப் பொம்பளை என்ன பண்ணுவாங்க?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "குளிர்ல இறந்தான்கிறது முழுப் பொய்யும் இல்லைம்மா."

"என் உத்தரவு கட்டடத்தைப் பத்தி மட்டும்தான் சார்ஜன்ட். ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். தாழ்ப்பாளைப் பத்தி யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஏழு பேரும் சத்தியம் பண்ணினோம்."

"ஒருத்தர்கிட்ட சொன்னீங்க."

ரண்ட்சோ தலையைக் குனிந்துகொண்டார். "அடக்கத்துக்குப் போயிருந்தேன். சொந்தக்காரங்க எல்லாம் குழிக்கு முன்னால. ஒரு பெரியவர் மட்டும் பக்கத்து ஊர்க்காரங்களோட பின்னால நின்னாரு. சாம்பல் கோட்டு, தொப்பி கையில. கூட்டம் கலைஞ்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'நான் அவனோட அப்பா. அவங்கம்மாவைக் கட்டிக்கலை. அதனால அங்க நிக்க எனக்கு உரிமை இல்லை. என் புள்ளை எப்படிப் போனான்னு நிஜத்தைச் சொல்லுங்க'ன்னாரு. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிம்மா பொய் சொல்றது? சொல்லிட்டேன்."

"பேர்?"

"சொல்லலை. நானும் கேக்கலை. புள்ளை அம்மா வீட்டுப் பேரைத்தான் வச்சிருந்தான்."

"வேற என்ன பேசினாரு?"

"நான்தான் பேசினேன். உக்கார ஒரு கூடம் கேட்டு முன்னாடியே விண்ணப்பம் போட்டிருந்தேன் ஐயா, பதிலே வரலைன்னு சொன்னேன். அதுக்கு அவர்..." ரண்ட்சோ நிறுத்தினார். இப்போதுதான் அது விசித்திரமாகப் பட்டது போலிருந்தது. "'விண்ணப்ப எண் என்ன?'ன்னு கேட்டாரு."

மொஹாபி வாசற்படியில் நின்றிருந்தான். "சாவுல யாராவது எண் கேப்பாங்களா?"

"கேப்பாங்க" என்றாள் கெனேவே. "முப்பது வருஷமா எண்ணோடயே இருந்தவங்க கேப்பாங்க. எண்ணை எதுல எழுதிக்கிட்டாரு சார்ஜன்ட்?"

"நான் தாள் தேடினேன். வேணாம்னுட்டு உள்ளங்கையில..."

மொஹாபி ஒரு கெட்ட வார்த்தையை முக்கால்வாசி சொல்லி நிறுத்திக்கொண்டான்.

*

"இல்லை அக்கா, இது பொருந்தாது" என்றான் அவன், கூடத்துக்குள் அவளோடு நடந்தபடி. "மகோவே ஐயா போலி போட்டாருன்னே வச்சுக்குவோம். புகார் கொடுத்ததும் அவர்தானே? எந்தத் திருடனாவது தானே ஸ்டேஷனுக்குப் போய், 'என் வீட்ல திருட்டுச் சாமான் இருக்கு, வந்து பாருங்க'ன்னு சொல்வானா?"

"டிசம்பர்ல அவருக்கு ஓய்வு. அதுக்கப்புறம் என்னைக்காவது ஒரு தணிக்கையில இது வெளிய வரும். அவர் இருக்க மாட்டாரு. சார்ஜன்ட் மாட்டுவாரு. கூடம் போயிடும்."

"நான்தான் போட்டேன்னு நேரா ஒத்துக்கிட்டுப் போலாமே?"

"ஒத்துக்கிட்டா விசாரணை எதுக்கு? அங்கேயே ரத்து பண்ணி இடிக்கச் சொல்லிடுவாங்க. யாருன்னு தெரியாத குற்றவாளின்னாதான் விசாரணை அதிகாரியை அனுப்புவாங்க. விதி பதினாலு. அதிகாரி நேர்ல பாத்து, தேவையான கட்டடம்தான்னு எழுதினா, இருக்கிற கட்டடத்துக்கு அரசு முறைப்படி அனுமதி கொடுக்கலாம்." அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "நம்மளைத் திருடனைப் பிடிக்க அனுப்பலை மொஹாபி. இங்க வந்து உக்காந்து பாக்க அனுப்பியிருக்காரு."

கோப்பின் அடியில் ரண்ட்சோவின் பழைய விண்ணப்பம் இருந்தது. வண்டியில் வரும்போது தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் புரட்டிவிட்டிருந்தாள். இப்போது முழுதாகப் படித்தாள். ‘என் ஆட்களில் ஒருவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். சேர்ந்து உட்கார ஓர் அறை இருந்தால் நல்லது.’ தெஃபோ இறப்பதற்குப் பதினோரு மாதம் முந்தைய தேதி. ஓரத்தில் சிவப்பு முத்திரை: ‘பின்னர் பார்க்கப்படும்.’ முத்திரைக்குக் கீழே ஒரு சுருக்கொப்பம்.

அந்தச் சுருக்கொப்பத்தை அவள் நன்றாக அறிவாள். அமைச்சகத்தின் எல்லாப் பதிவேட்டிலும் அது இருந்தது.

அவள் அந்தத் தாளை எடுத்துக் கோப்பின் மேலே வைத்தாள்.

*

நாலு மணிக்கு அமைச்சகத்தோடு வயர்லெஸ் தொடர்பு. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கிளம்பாவிட்டால் பாதை மூடிவிடும்.

இரைச்சலுக்கு நடுவே மகோவேயின் குரல் வந்தது. அவரே வயர்லெஸ் அறைக்கு வந்து காத்திருந்தார்.

"கட்டடத்தைப் பாத்தீங்களா அம்மா?"

"பாத்தேன் ஐயா. நல்லா கட்டியிருக்காங்க. நாலு நிபந்தனையும் சரியா இருக்கு."

இரைச்சல்.

"அப்ப... யாருன்னு தெரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சுடுச்சு ஐயா. நீங்க பேச வேண்டியதில்லை. வயர்லெஸ்ல பேசறதை எல்லா முகாம்லயும் கேட்டுக்கிட்டிருப்பாங்க."

"கேக்கட்டும்." குரல் உடையவில்லை. வறண்டிருந்தது. "அவன் மேல எங்கேயோ இருக்கான்னு தெரியும். எந்த மலைன்னு தெரியாது. கேட்டா சொல்ல மாட்டான், நானும் ஓயாம கேக்கலை. அந்த விண்ணப்பம் பதினோரு மாசம் என் அலமாரியிலதான் இருந்துச்சும்மா. நான்தான் முத்திரை குத்தினேன். யாரோ ஒரு சார்ஜன்ட், யாரோ ஒரு பையன்னு நெனைச்சேன். அடக்கத்துலேருந்து திரும்பி வந்து அலமாரியத் திறந்தா, மேலேயே இருக்கு."

கெனேவே மைக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சார்ஜன்ட் ரண்ட்சோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"மூணு தடவை செயலாளர்கிட்ட கொண்டுபோனேன். அவசரமானதை மொதல்ல கொண்டாங்கன்னாரு. நாலாவது தடவை போகலை."

"ஐயா, உங்க பேரை நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க. எழுதாம விட்டா உங்களை அனுப்பினதே வீண்." கொஞ்சம் நிறுத்தினார். "மத்ததையும் எழுதுவீங்களா?"

"கூடம் தேவைன்னு எழுதுவேன். ஏன் தேவைன்னு ரெண்டு பக்கம் எழுதுவேன். செயலாளர் கையெழுத்துப் போடற வரைக்கும் அவர் மேஜைக்கு முன்னாலயே நிப்பேன்."

அந்தப் பக்கம் மைக்கைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரைச்சலும் நின்றது.

*

அவள் சொன்னபடியே நின்றாள். இரண்டு நாள் நின்ற பிறகு, ஆகஸ்டு முதல் வாரத்தில் செயலாளர் கையெழுத்திட்டார், இந்தத் தடவை தன் பேனாவால். அதே வாரம் மகோவேயை வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கு வேண்டாம் என்று விட்டதே சலுகை என்றார்கள். பிரிவுபசாரம் எதுவும் இல்லை. முப்பத்தி இரண்டு வருடத்துச் சாமான் ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடங்கியது. மொஹாபி அதைப் படியிறக்கிக் கொண்டுபோய் அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தான்.

"ஒரு நாற்காலிதான் இருக்கு அக்கா அந்த வீட்ல" என்றான். "என்னை உக்கார வச்சுட்டு அவர் நின்னுக்கிட்டே டீ குடிச்சாரு."

அக்டோபரில் பாதை திறந்ததும் மூவரும் மேலே போனார்கள். மகோவே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் மலைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். குதிரையில் ஏறத் தெரியாமல் மொஹாபியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். "பயப்படாதீங்க ஐயா, முறைக்கிறதெல்லாம் என்னை மட்டும்தான்" என்றான் அவன்.

முகாமில் ஏழு பேரும் கூடத்துக்குள் இருந்தார்கள். மகோவே வாசலில் நின்றார். கோட்டுக்கு மேல் கம்பளி, தொப்பி கையில். உள்ளே வரச் சொல்லும் வரை வர மாட்டார் என்று தெரிந்தது.

ரண்ட்சோ எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்று, ஆட்களிடம் சொன்னார்:

"இவர் தெஃபோவோட அப்பா."

அப்படி ஒருவர் உரக்கச் சொல்லி மகோவே கேட்டது அதுதான் முதல் தடவை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். செபோலாய்தான் முதலில் நகர்ந்து இடம் விட்டார்.

"வாங்கப்பா. இப்படி அடுப்புப் பக்கத்துல வாங்க."

மகோவே உட்கார்ந்தார். டீ வந்தது. அவர் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எனக்கு அவனை ரொம்பத் தெரியாது" என்றார். "நீங்கதான் கூட இருந்தீங்க. சொல்லுங்க."

"எங்கேருந்துப்பா ஆரம்பிக்கிறது?"

"வந்து இறங்கின நாள்லேருந்து."

செபோலாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு புதன்கிழமைப்பா. நல்ல மழை. குதிரையிலேருந்து இறங்கினான், நேரா என் சமையல் கொட்டகைக்குள்ள வந்தான், வந்ததும் வராததுமா என் சூப்புச் சட்டியைக் கவுத்துட்டான்."

"பொய்யி" என்றான் மூலையிலிருந்து ஒருவன். "சட்டியைக் கவுத்தது குதிரைப்பா. அவன் குதிரையையும் கூட்டிக்கிட்டு உள்ள வந்துட்டான்."

மகோவே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.